ஒரே ஆள் வாசிக்கும் பியானோ கச்சேரியில் எதைக் கேட்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அடுத்த மாதம் நடக்கப்போகும் பியானோ கச்சேரியைப் பற்றி ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். மேடையில் ஒரே ஆள். பாட்டு கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது, இடைவேளையோடு சேர்த்து ஒன்றரை மணி நேரம். துண்டறிக்கையில் ஷூமன், ஷோப்பன், பிராம்ஸ், லிஸ்ட் என்று நான்கு இசையமைப்பாளர்களின் பெயர்கள். எல்லாம் ‘ரொமாண்டிக்’ இசை என்று போட்டிருக்கிறார்கள். கீபோர்டு படிக்கும் 11 வயது மகள் போயே ஆக வேண்டும் என்கிறாள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த மாமியாரை வீட்டில் தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை. அவரையும் கூட்டிப் போகலாமா? இந்த இசை எங்களுக்குப் புரியுமா? தாளம் எங்கே? ஒரே ஆள் எப்படி இவ்வளவு நேரம்? எங்கே கை தட்டுவது? இவைதான் அவருடைய கேள்விகள்.

போங்கள் தங்கச்சி, மூன்று பேரும் போங்கள். மாமியாரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். உங்கள் மூவரில் அவருக்குத்தான் ஒரு உருப்படி சட்டென்று பிடிபடும் என்று நினைக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் 30 வருஷத்துக்கு மேலாகப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற வேலை செய்கிறேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவன். ஐந்தாம் பாரம் முடித்ததும் ஈப்போவில் ஒரு பியானோ கடையில் லோரியில் சாமான் ஏற்றி இறக்கப் போனேன். அங்கே வேலை பார்த்த ஒரு சீனப் பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன். ஆகவே இசை வாத்தியார் சொல்கிற மாதிரி என்னால் சொல்ல முடியாது. கருவிக்குள் கை விட்டுப் பழகியவன் சொல்கிற மாதிரிதான் சொல்லத் தெரியும்.

ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் கச்சேரி முழுவதற்கும் அதுவே வழி காட்டும். பியானோவின் ஒலி பிறந்த கணத்திலேயே தேய ஆரம்பித்துவிடும். நாதஸ்வரக்காரர் மூச்சு இருக்கிற வரைக்கும் ஒரு ஸ்வரத்தில் நிற்கலாம், நின்றபடியே அதைப் பெரிதாக்கலாம். வயலின்காரருக்கு வில் இருக்கிறது. பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி போர்த்திய சுத்தியல் ஒன்று கம்பியைத் தட்டிவிட்டு உடனே பின்னால் போய்விடும். அதோடு சரி. அந்த ஸ்வரத்தை அதற்கப்புறம் பெரிதாக்க முடியாது, அசைக்க முடியாது, வளைக்க முடியாது. கமகத்துக்கு இடமே இல்லை. வீணையிலும் மீட்டிய ஒலி தேயத்தான் செய்கிறது, ஆனால் அங்கே விரல் தந்தியை இழுத்து அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டே இருக்கும். பியானோக்காரரின் விரல் கம்பியைத் தொடுவதே இல்லை.

வலது கோடியில் இருக்கும் குட்டைக் கம்பிகள் ஒரு நொடி, இரண்டு நொடியில் அடங்கிவிடும். இடது கோடியில் செம்புக்கம்பி சுற்றிய நீளமான கம்பியைத் தட்டிவிட்டு விரலை எடுக்காமல் இருந்தால், அரை நிமிஷம் கழித்துக்கூட அதன் முனகல் காதில் விழும். பாட்டோ பெரும்பாலும் வலது பக்கம்தான் இருக்கிறது, சீக்கிரம் சாகிற கம்பிகளின் பக்கம். இப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு மனிதக் குரல் மாதிரி பாட வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்கள்தான் உங்கள் துண்டறிக்கையில் இருக்கும் நால்வரும். ஷோப்பன் தன் மாணவர்களிடம் நல்ல பாடகர்களைப் போய்க் கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

எப்படிப் பாட வைக்கிறார்கள்? நீளமான ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டுக் கலைஞர் அதன் தேய்மானத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அது எந்த அளவுக்கு இறங்கியிருக்கிறதோ, அந்த அளவுக்கு ஒட்டி அடுத்த ஸ்வரத்தைத் தொடுகிறார். அப்படித் தொட்டால் இரண்டுக்கும் நடுவே ஒட்டுப் போட்ட இடம் தெரியாது, ஒரே மூச்சு மாதிரி இருக்கும். கொஞ்சம் கூடிப்போனால் ஆணி அடித்த மாதிரி தனியாகத் துருத்தும். அப்புறம் வலது கால் பெடல். அதை மிதித்தால் கம்பிகளை அமுக்கி வைத்திருக்கும் கம்பளிக் கட்டைகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பிவிடும். ஒரு கம்பியைத் தட்டினால் உறவுள்ள மற்றக் கம்பிகளும் தாமாக அதிரும். உள்ளே மொத்தம் 230 கம்பிகள்போல இருக்கின்றன. மகளிடம் சொல்லுங்கள்: கச்சேரியில் கலைஞரின் கையை எல்லாரும் பார்ப்பார்கள், அவள் வலது காலைப் பார்க்கட்டும். பாதம் முழுக்க இறங்குவது, பாதி இறங்குவது, துடிக்கிற மாதிரி மேலும் கீழும் போவது எல்லாம் தெரியும்.

‘ரொமாண்டிக்’ என்றதும் காதல் பாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசைக்கு அப்படி ஒரு பெயர். ஒரு மனிதனின் உள்மனசு, நினைவு, ஏக்கம், இரவு, கதை, ஊர்ப்பாட்டு என்று இசைக்குள் வந்த காலம் அது. ஷோப்பனும் ஷூமனும் 1810-இல் பிறந்தவர்கள், லிஸ்ட் 1811. பிராம்ஸ் மட்டும் கொஞ்சம் பிந்தி, 1833. முதல் மூவரும் சிறுவர்களாக இருந்த சமயத்தில்தான் பியானோவும் மாறிக்கொண்டிருந்தது. 1821-இல் பாரிஸில் எரார் என்பவர், கட்டை முழுதாக மேலே வருவதற்கு முன்பே மறுபடியும் தட்ட வழி செய்யும் ஓர் அமைப்பைக் கொண்டுவந்தார். 1825-இல் அமெரிக்காவில் ஒற்றை வார்ப்பு இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அடுத்த வருஷம் சுத்தியலுக்குத் தோலுக்குப் பதிலாக அழுத்திய கம்பளி வந்தது. இன்றைய பெரிய பியானோவில் எல்லாக் கம்பிகளின் இழுப்பையும் கூட்டினால் சுமார் 20 டன் வரும். இரும்புச் சட்டம் இல்லாமல் மரம் அதைத் தாங்காது. வேகமும் பலமும் மென்மையும் ஒரே கருவியில் சேர்ந்துவந்த சமயம் பார்த்து இவர்கள் வளர்ந்திருக்கிறார்கள். எனக்கு இதை நினைக்கிறபோதெல்லாம் மலைப்பாக இருக்கும்.

சரி, உருப்படிகளுக்கு வருகிறேன்.

முதலில் ஷூமனின் ‘கிண்டர்ஸெனன்’. பிள்ளைப் பருவக் காட்சிகள் என்று பொருள். 1838-இல் எழுதியது, 13 குட்டிக் குட்டித் துண்டுகள், எல்லாம் சேர்ந்தே 20 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். பிள்ளைகள் வாசிப்பதற்காக எழுதியது இல்லை. பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து தன் சின்ன வயசை நினைத்துக்கொள்கிற மாதிரியான இசை. ஓடிப்பிடித்து விளையாடுவது உண்டு, மரக்குதிரை ஏறுவது உண்டு, பயமுறுத்துவது உண்டு. ஏழாவது துண்டு, ‘ட்ராய்மெராய்’ என்ற கனவு, உலகம் முழுக்கத் தெரிந்தது. உங்கள் மகளின் கீபோர்டுக்குள்ளேயே பதிந்து வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது நான்காவது துண்டை. ‘கெஞ்சும் பிள்ளை’ என்று தலைப்பு. ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஒரு சின்ன வரி, கேட்டது கேட்டபடி மறுபடியும் மறுபடியும் வரும், பிள்ளை முந்தானையைப் பிடித்துக்கொண்டு ‘வேணும், வேணும்’ என்று நிற்கிற மாதிரி. கடைசியில் ஷூமன் அதை முடிப்பதில்லை. ஆதார ஸ்வரத்துக்கு வந்து சேராமல், கேள்வியாகவே தொங்கவிட்டுவிடுகிறார். சங்கீதம் படிக்காத காதுக்கும் அது குறைபட்டு நிற்பது தெரியும். அடுத்த துண்டு அதே சுருதியில் ஆரம்பிக்கிறது, அதன் பெயர் ‘போதுமான சந்தோஷம்’. கேட்டது கிடைத்துவிட்டது! இந்த இடத்தில் யாராவது கை தட்டினால் பிள்ளையின் கேள்விக்கும் தாயின் பதிலுக்கும் நடுவில் சத்தம் விழுந்துவிடும். 13 துண்டும் முடிகிற வரைக்கும் தட்டக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான், கௌரவத்துக்காக யாரோ போட்ட சட்டம் இல்லை.

12-ஆவது துண்டில் பிள்ளை தூங்குகிறது. அதுவும் முறையாக முடியாது. தொடங்கிய சுருதிக்குத் திரும்பாமல் வேறொரு இடத்தில் நின்றுவிடும். பாட்டு முடிவதற்குள் தூக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான். கடைசித் துண்டின் தலைப்பு ‘கவிஞர் பேசுகிறார்’. அதில் ஓரிடத்தில் தாளம் நின்று ஒற்றைக் குரல் மட்டும் போகும். கோயிலில் பஜனை ஓய்ந்ததும் ஒருவர் தனியாக விருத்தம் எடுக்கிற நேரம் எப்படி இருக்கும், அப்படி.

இதை எழுதியபோது ஷூமன் கிளாராவைக் கல்யாணம் கட்டக் காத்திருந்தார். கிளாரா அப்போதே ஐரோப்பா அறிந்த பியானோ கலைஞர். அவருடைய அப்பாதான் ஷூமனுக்கும் ஆசிரியர். அவர் சம்மதிக்கவில்லை. வழக்கு நீதிமன்றம் வரைக்கும் போய் 1840 செப்டம்பரில்தான் கல்யாணம் நடந்தது. கிளாராவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இடைவேளைக்குப் பிறகு மறுபடியும் வருவார்.

அடுத்தது ஷோப்பன். அவருடைய இரண்டு உருப்படிகளில் முதலாவது ‘பெர்சூஸ்’. பிரெஞ்சு மொழியில் தாலாட்டு. இதற்காகத்தான் உங்கள் மாமியாரைக் கூட்டிப் போகச் சொன்னேன்.

லயத்தில் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டு ஆட்டியவருக்கு இந்த உருப்படியின் இடது கை ஐந்தே நொடியில் விளங்கிவிடும். வலது கை வருவதற்கு முன்னால் இடது கை மட்டும் தனியாக ஆரம்பிக்கிறது. கீழே ஒரு ஸ்வரம், மேலே ஒரு சின்ன வளைவு, மறுபடியும் கீழே. ஏணைக் கயிறு உத்தரத்தில் உராய்கிற லயம். இந்த அசைவைக் கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் அவர் மாற்றவே இல்லை. ஐந்து நிமிஷம் ஒரே ஆட்டு. அதற்கு மேலே வலது கையில் நான்கே அடி நீளத்தில் ஓர் எளிய பாட்டு வரும். பிறகு அதே பாட்டு இன்னொரு குரலைக் கூட்டிக்கொண்டு வரும். அப்புறம் முத்து கோத்த மாதிரி, அப்புறம் பொடிப்பொடியாக உதிர்கிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் வேறு சேலை உடுத்திக்கொண்டு வரும். ஆராரோ பாடுகிறவர் மாமன் அடித்தானோ, அத்தை அடித்தாளோ என்று அடிக்கு அடி மாற்றிக்கொண்டே போனாலும் கை மட்டும் ஒரே கதியில் ஆட்டிக்கொண்டிருக்குமே, அதேதான் இது. 1844-இல் போலந்துக்காரர் ஒருவர் எழுதியது. சொந்தப் பிள்ளையே இல்லாதவர்.

இன்னொரு காரணத்துக்காகவும் நம்மவர்களுக்கு இது நல்ல வாசல். நம் சங்கீதத்தில் ஆதார சுருதி ஒன்றுதான். தம்பூரா தொடங்கினால் முடிகிற வரைக்கும் அதே ஸட்ஜம். ஐரோப்பிய இசையில் ஆதாரமே இடம் மாறும். ஐந்து நிமிஷத்துக்குள் நாலு வீடு மாறிவிட்டுத் திரும்பி வரும். பழகாத காதுக்கு அதுதான் கால் வழுக்குகிற இடம், ‘ஒன்றும் பிடிபடவில்லை’ என்று சொல்ல வைப்பதும் அதுதான். பெர்சூஸில் ஷோப்பன் ஆதாரத்தை நகர்த்தவில்லை. நம் கணக்கில் சொன்னால் ஒன்றரைக் கட்டை சுருதி, இடது கையின் அடியில் அந்த ஸட்ஜம் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஸ்வரங்களும் சங்கராபரணத்துக்கு உரியவைதான், அலங்காரத்துக்கு வரும் இடைக்கட்டைகளைத் தவிர.

முடியப்போகிற நேரத்தில் ஒரு காரியம் செய்கிறார். அதுவரை காகலி நிஷாதமாக இருந்ததை ஓரிடத்தில் கைசிகி நிஷாதமாக இறக்கிவிடுகிறார். ஒரே ஒரு ஸ்வரம், அரைக் கட்டை. சங்கராபரணத்தில் உட்கார்ந்திருந்தவர் ஹரிகாம்போதிப் பக்கம் லேசாகச் சாய்கிற மாதிரி. இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு எப்போதும் பிள்ளையின் கண் சொருகுகிற நேரம்தான் ஞாபகம் வரும். பாடுகிறவரின் குரலும் தானாகவே இறங்குமே, அந்த நேரம். அதன் பிறகு மெல்ல மெல்ல எல்லாம் அடங்கும். கச்சேரிக்கு முன்னால் வீட்டில் நாலைந்து முறை இதைப் போட்டுக் கேளுங்கள். கைப்பேசி ஸ்பீக்கரில் வேண்டாம், அதில் இடது கையின் அடிநாதம் காதுக்கே வராது, பாதிப் பாட்டு போய்விடும். காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள், மாமியாருக்கும் ஒரு பக்கத்தைக் கொடுங்கள். என்ன பாட்டு என்று சொல்லாமல் கொடுத்துவிட்டு அவர் கை அசைகிறதா என்று பாருங்கள்.

‘தாளம் எங்கே?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாளம் இருக்கிறது, தட்டிக் காட்டுவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். ஷோப்பன் வாசிக்கும்போது இடது கை காலப்பிரமாணத்தை விடாமல் பிடித்திருக்கும், வலது கை அதற்கு மேல் கொஞ்சம் பிந்தியும் முந்தியும் போகும் என்று அவரிடம் படித்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தவில் கணக்கு பிசகாமல் போய்க்கொண்டிருக்க, நாதஸ்வரம் சங்கதியை இழுத்துவிட்டு வந்து சேர்கிற சுகம் நமக்குப் புதிதில்லை. இங்கே இரண்டும் ஒரே ஆளின் இரண்டு கைகள். இதில்தான் ஒரு கலைஞருக்கும் இன்னொருவருக்கும் வித்தியாசம் தெரியும். நிறையப் பேர் இரண்டு கையையும் சேர்த்து இழுத்துவிடுவார்கள், என் காதுக்கு அது குடித்துவிட்டு நடக்கிற மாதிரி இருக்கும்.

ஷோப்பனின் அடுத்த உருப்படி, ஜி மைனரில் உள்ள முதலாவது பல்லாட், 9 நிமிஷம். இது கதை சொல்கிற இசை. சொற்கள் இல்லாத கதை என்பதால் யார் கதை என்று தேட வேண்டாம். இரண்டாவதாக வரும் பாட்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை இரண்டரைக் கட்டையில் ரகசியம் சொல்கிற மாதிரி மிக மெதுவாக வரும். இரண்டாவது தடவை ஆறு கட்டைக்கு ஏறி முழுப் பலத்தோடு வரும், அதே ஆள் இப்போது ஊரறியக் கத்துகிறார். மூன்றாவது தடவை பழைய இடத்துக்கே திரும்பும், ஆனால் பழைய அமைதி திரும்பாது. பிறகு முடிவில் ஒரு புயல். கதை நல்லபடியாக முடியவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இடைவேளை. இங்கே ஒரு வார்த்தை: மகளுக்குக் கண்ணைச் சொக்கினால் இதோடு கிளம்பிவிடலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. முடிந்தால் இருங்கள்.

இரண்டாம் பாதியில் முதலில் பிராம்ஸின் 118-ஆவது தொகுப்பு, ஆறு துண்டுகள், 25 நிமிஷம்போல. 1893-இல், 60 வயதில் எழுதினார். நாலு வருஷத்தில் காலமாகிவிட்டார். இந்த ஆறையும் அவர் காணிக்கையாக்கியது கிளாராவுக்கு. ஷூமன் 1856-இலேயே போய்விட்டார், மனநோய் விடுதியில். கிளாரா எட்டுப் பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் சிலரைப் பறிகொடுத்து, கச்சேரி செய்து குடும்பத்தைத் தாங்கி, அப்போது 70-ஐத் தாண்டிய மூதாட்டி. இளைஞனாக அந்த வீட்டுக்கு வந்த பிராம்ஸ் 40 வருஷம் அவருக்குத் துணையாக நின்றார். அவர்களுக்குள் இருந்த அன்பு என்ன வகை என்று இன்றைக்கும் ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். எனக்கு இரண்டாவது துண்டைக் கேட்டால் போதும்.

ஏ மேஜரில் உள்ள அந்தத் துண்டில் பாட்டு மேலே மட்டும் இருக்காது. நடுவில், இரண்டு கைக்கும் இடையில், இன்னொரு குரல் ஒளிந்திருக்கும். மேல்குரல் ஒன்றைச் சொல்ல, கொஞ்சம் தள்ளி நடுக்குரல் அதையே திருப்பிச் சொல்லும் இடம் ஒன்று வரும். ரொம்ப நாள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் தொடர்வது மாதிரி. இதில் வேகம் இல்லை, வித்தை காட்டுவது இல்லை. இளைய பிள்ளைகள் இதை அழகாக வாசித்துவிடுவார்கள், ஆனால் நடுக்குரலை வெளியே கொண்டுவருவதற்கு வயசாக வேண்டும் என்பது என் எண்ணம். ஆறாவது துண்டு இருட்டு. சாவு வீட்டுத் திண்ணை மாதிரி. அது முடிந்ததும் கலைஞர் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார், நீங்களும் அப்படியே இருங்கள்.

கடைசியில் லிஸ்ட். இந்த மாதிரித் தனி ஆள் கச்சேரி என்ற வழக்கத்துக்கே அவர்தான் முக்கியக் காரணம். அதற்கு முன்னால் பியானோக்காரர் ஒருவர் மேடை ஏறினால் கூடவே பாடகர், வயலின்காரர், சில நேரம் ஓர் இசைக்குழுவே இருக்கும், நம் பள்ளிக் கலைநிகழ்ச்சி மாதிரி கலந்துதான் இருக்கும். லிஸ்ட் 1839-இல் ரோமில் தனியாகவே முழு நிகழ்ச்சியையும் வாசித்துப் பார்த்தார். 1840 ஜூனில் லண்டனில் அதற்கு ‘ரிசைட்டல்’, அதாவது ஒப்பித்தல், என்று விளம்பரம் போட்டார்கள். பாட்டை ஒப்பிக்கலாம், கவிதையை ஒப்பிக்கலாம், பியானோவில் எப்படி ஒப்பிப்பது என்று அந்த ஊர்க்காரர்களே குழம்பினார்கள். ஆகவே, ‘ஒரே ஆள் எப்படி இவ்வளவு நேரம்?’ என்று நீங்கள் கேட்டதை லண்டன்காரர்களும் கேட்டிருப்பார்கள். அவருக்கு இருந்த கூட்டமும் கூச்சலும் சினிமா நட்சத்திரத்துக்கு உள்ளதுபோல. ஆனால் 1847-இல், 35 வயதில், காசுக்குக் கச்சேரி செய்வதை நிறுத்திவிட்டார். அதன் பிறகு எழுதினார், சொல்லிக்கொடுத்தார், மாணவர்களிடம் பணம் வாங்கவில்லை. அந்தப் பாதியைப் பற்றியும் ஊரில் பேச வேண்டும்.

‘லீபெஸ்ட்ராம்’ மூன்றாவது, காதல் கனவு, முதலில் அவரே பாடலுக்கு இசையமைத்துப் பிறகு பியானோவுக்கு மாற்றியது. தலைப்பைப் பார்த்துக் கல்யாண வீட்டில் போடுகிறார்கள். பாடலின் வரிகள் சொல்வது வேறு: அன்பு செலுத்த முடிகிற காலத்திலேயே செலுத்திவிடு, கல்லறை முன்னால் நின்று அழுகிற காலம் வரும். ஆரம்பத்தில் பாட்டு எங்கிருந்து வருகிறது என்று மகள் பார்க்கட்டும். கட்டைப் பலகையின் நடுவில், இரண்டு கட்டைவிரல்களும் மாறி மாறிப் பாட்டைப் பிடிக்க, மிச்ச விரல்கள் சுற்றிலும் அலை அடித்துக்கொண்டிருக்கும். கண்ணை மூடினால் மூன்று கை வாசிப்பதாகத் தோன்றும்.

அப்புறம் ஹங்கேரிய ராப்சடி இரண்டாவது. பழைய கார்ட்டூன் ஒன்றில் கோட்டுப் போட்ட பூனை பியானோ வாசிக்க, உள்ளே தூங்கும் எலி எழுந்து தொல்லை கொடுக்குமே, அந்த இசை இதுதான். மகளுக்கு முகம் மலர்ந்துவிடும். ரோமா இனத்து வாத்தியக்காரர்கள் ஹங்கேரியில் வாசித்த முறையை வைத்து எழுதியது. முதல் பாதி நிதானம், கனம். இரண்டாவது பாதி மெல்ல ஆரம்பித்து வேகம் ஏறிக்கொண்டே போகும். திருவிழாவில் உறுமி மேளம் காலம் மாறி ஏறுகிற நேரத்தில் உடம்பு சும்மா இருக்காதே, அந்த மாதிரி. முடியப்போகிற இடத்தில் ஒரு நிறுத்தம் வரும், அங்கே தட்டிவிடாதீர்கள். வாசிப்பவர் விரும்பினால் அந்த இடத்தில் தன் சொந்தக் கற்பனையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று லிஸ்ட்டே எழுதி வைத்திருக்கிறார். நம் மனோதர்மத்துக்கு இங்கே வைத்திருக்கும் ஒரு நாற்காலி. உங்கள் ஊருக்கு வரும் கலைஞர் அங்கே என்ன செய்யப் போகிறார் என்று கேட்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.

கை தட்டுவதற்குச் சுலபமான அடையாளம் கலைஞரின் கைகள். அவை மடிக்கு இறங்கி, தோளும் தளர்ந்தால் முடிந்துவிட்டது. காற்றில் நின்றால் இன்னும் இருக்கிறது. தப்பான இடத்தில் தட்டிவிட்டாலும் வெட்கப்பட வேண்டாம், 19-ஆம் நூற்றாண்டில் துண்டுக்குத் துண்டு தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். விரல் பார்க்க வேண்டுமென்றால் மேடையைப் பார்த்து இடது பக்க நாற்காலியில் உட்காருங்கள். மாமியாருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், ஏர்கண்டிஷன் பலமாக இருக்கும். இருமல் மிட்டாய் கொண்டுபோனால் உறையை முன்னாலேயே பிரித்து வையுங்கள், பெர்சூஸ் நடுவில் பிளாஸ்டிக் சலசலப்பு இடி மாதிரி கேட்கும்.

அந்த ஏர்கண்டிஷன் என் தொழிலுக்கும் பெரிய சமாச்சாரம். நம் ஊரில் சாதாரண நாளிலேயே ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொட்டுவிடும். பியானோவின் உள்ளே கம்பிகளுக்கு அடியில் அகலமான மெல்லிய பலகை ஒன்று இருக்கிறது, ஒலியைப் பெரிதாக்குவது அதுதான். ஈரம் ஏறினால் அது உப்பிக் கம்பிகளை இழுக்கும், சுருதி ஏறும். காய்ந்தால் இறங்கும். வீடுகளில் பியானோவுக்குள் சின்ன பல்பு எரிய வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள், ஈரத்தை விரட்டத்தான். கச்சேரியன்று காலையிலேயே மண்டபத்தின் ஏர்கண்டிஷனைப் போடச் சொல்லி, பலகை அந்தக் குளிருக்குப் பழகிய பிறகுதான் சுருதி சேர்க்க வேண்டும். முந்தின நாள் புழுக்கத்தில் சேர்த்துவிட்டுப் போனால் இடைவேளைக்குள் கலைந்துவிடும். வாடகைக்கு ஈப்போவிலிருந்து லோரியில் வரும் ஏழடிப் பியானோ, 400 கிலோ இருக்கும், பயணத்திலேயே கொஞ்சம் அசைந்திருக்கும்.

இந்தத் தடவை சுருதி சேர்க்கிற வேலை எனக்குத்தான் வந்திருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பிப்பேன், இரண்டு மணி நேரமாவது ஆகும். மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஏற்பாட்டாளர்களிடம் நான் சொல்லிவைக்கிறேன். இடது பக்கம் ஒரு கட்டையைச் சத்தம் வராமல் மெதுவாக அழுத்திப் பிடிக்கச் சொல்லி, அதற்கு ஒரு ஸ்தாயி மேலே இருக்கும் அதே ஸ்வரத்தை ‘டக்’ என்று தட்டி விடச் சொல்வேன். மேலே தட்டியது நின்றுபோன பிறகும் யாரும் தட்டாத அந்தக் கீழ்க்கம்பி தானாகப் பாடிக்கொண்டிருக்கும். கீபோர்டில் படிக்கிற பிள்ளை அதைத் தன் விரலால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். மாமியாரும் வருவதாக இருந்தால் பக்கத்து ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், மண்டபத்தில் அந்த நேரத்தில் ஒன்றும் கிடைக்காது.